பயிற்றுநர் குழாம்: மகளிர் மென்பந்தாட்டத்தில் கற்பிக்கும் தொழில்

‘பயில்’ என்பது தன்வினை; ‘பயிற்று’ என்பது பிறவினை. முன்னது தானே கற்பதைக் குறிக்கும். பின்னது பிறரைக் கற்கச் செய்வதைக் குறிக்கும். இவ்விரண்டிலிருந்தும் ‘பயிலுநர்’, ‘பயிற்றுநர்’ என்னும் இரு சொற்கள் ஐயமின்றிக் கிடைக்கின்றன. இருந்தும், செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களில் ‘பயிற்சியாளர்’ என்ற சொல்லே நிலைபெற்றுவிட்டது. பயிற்சி பெறுபவரா, பயிற்சி தருபவரா என்பதை அச்சொல் தானாகச் சொல்வதில்லை, பழக்கந்தான் சொல்கிறது. ‘பயிற்சி ஆசிரியர்’ என்றால் இன்னும் கல்லூரியில் கற்றுக்கொண்டிருப்பவர். ‘பயிற்சியாளர்’ என்றால் திடலில் கற்றுக்கொடுப்பவர். ஒரே வேர் இரு திசையில் இழுக்கிறது. ஆகவே ஈண்டுப் பயிற்றுநர் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. தமிழாசிரியர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோர்க்கு முதலில் தோன்றும் காட்சி, பள்ளித் திடலின் மாலை நேரம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை ஒட்டித் தொழிற்பேட்டையும் தமிழ்ப் பள்ளியும் கொண்ட மாக் மண்டின் ஆகட்டும், செம்பனைக் காட்டின் நடுவே நிற்கும் ஒரு தோட்டப் பள்ளியாகட்டும், மாணவியர் அணி ஒன்று உருவாக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியைதான் எல்லாமும். கோடு போடுபவர் அவர். பந்தை எண்ணி எடுத்து வைப்பவர் அவர். எறியக் கற்பிப்பவரும், அடிக்கக் கற்பிப்பவரும், கால் சுளுக்கினால் தைலம் தடவுபவரும், பிள்ளையை ஏற்றிச் செல்லும் வேன்காரரிடம் அரைமணி பொறுக்கச் சொல்பவரும் அவரே. இதற்குத் தனி ஊதியம் இல்லை. புறப்பாட நடவடிக்கை என்னும் தலைப்பில் அது அடங்கிவிடும்.

இந்த ஒருவர் செய்யும் வேலையை நான்கு ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அதனைத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் மென்பந்து அணி. மலேசியப் பள்ளிகளில் சொஃப்போல் என்று வழங்குவது அதுவே. இலங்கைத் தமிழர் ‘மென்பந்து’ என்றால் டென்னிஸ் பந்தைக் கொண்டு ஆடும் கிரிக்கெட் என்று கொள்வர்; அது வேறு, இது வேறு. பெயரைக் கண்டு இப்பந்து மெத்தென்றிருக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. 12 அங்குலச் சுற்றளவும் 6¼ முதல் 7 அவுன்சு வரை எடையும் உள்ள அப்பந்து கெட்டியானது. நெற்றியில் பட்டால் பெயரின் பொய் விளங்கும்.

1887 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஒரு படகுச் சங்கத்தின் கூடத்துக்குள், ஜார்ஜ் ஹேன்காக் என்பவர் குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாக இறுக்கிக் கட்டி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கித் தொடங்கிவைத்த ஆட்டம் இது. பழைய பெண்கள் பள்ளிகளில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு இதன் அமைப்பை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அணிக்கு ஒன்பது பேர். 60 அடி இடைவெளியில் நான்கு தளங்கள். பந்து வீசுபவள் கையைக் காற்றாலைபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து எறிவாள். கல்லூரி ஆட்டத்தில் அவளுக்கும் மட்டைக்காரிக்கும் இடையே 43 அடிதான். தேர்ந்த வீச்சாளரின் பந்து மணிக்கு 100 கிலோ மீட்டரைத் தாண்டும். கண் பார்த்து மனம் முடிவு செய்யக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. அந்த அரை நொடிக்காகத்தான் இத்தனை ஆசிரியர்கள்.

அணியில் தலைமைப் பயிற்றுநர் ஒருவர். அவருக்குக் கீழே துணைப் பயிற்றுநர்கள். வழக்கமாக ஒருவர் பந்துவீச்சுக்கு, ஒருவர் மட்டையடிக்கு, ஒருவர் களக்காப்புக்கும் தளவோட்டத்துக்கும் என்று பிரித்துக்கொள்வர். இவர்களைத் தவிர உடல் வலுவுக்கு ஒருவர், காயம் பார்ப்பதற்கு ஒருவர், மாணவியரின் பாடத் தேர்ச்சியைக் கவனிப்பதற்கு ஓர் ஆலோசகர் எனக் கல்லூரியின் பொது அலுவலர் சிலரும் துணை நிற்பர். இவ்வளவு பேரா என்று வியப்பவர், ஒரு பெரிய பள்ளியில் கணக்குக்கும் தமிழுக்கும் தனித்தனி ஆசிரியர் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஓராசிரியர் பள்ளியில் எல்லாவற்றையும் ஒருவரே கற்பித்த காலமும் இருந்ததன்றோ!

இவர்களுள் பார்ப்போர் கண்ணுக்கு விருந்தாக அமைபவர் மூன்றாம் தளத்தருகே நிற்பவர். தம் அணி மட்டையாடும்போது, முதல் தளத்தின் பக்கம் ஒருவரும் மூன்றாம் தளத்தின் பக்கம் ஒருவருமாக, இரண்டு பயிற்றுநர் திடலின் ஓரத்தில் வரைந்த கட்டத்துக்குள் நிற்க விதி இடமளிக்கிறது. வேறு பல ஆட்டங்களில் ஆசிரியர் கோட்டுக்கு வெளியே நின்று கத்த வேண்டியதுதான். இங்கோ அவர் ஆட்டத்தின் உறுப்பாகவே நிற்கிறார். மூன்றாம் தளத்தவர் தொப்பியைத் தொடுவார், காதைத் தொடுவார், இடைவாரைத் தடவுவார், முழங்கையைத் தட்டுவார். தொட்டவை பலவாயினும் பொருள் உடையது ஒன்றே. முன்கூட்டிப் பேசிவைத்த ‘திறவுகோல்’ சைகை ஒன்று உண்டு. அதற்கு அடுத்து வருவது மட்டும் கட்டளை, ஏனையவெல்லாம் எதிரணியின் கண்ணைக் கட்டும் வெற்றுச் சைகைகள். மெல்லத் தட்டி ஓடு என்பதோ, அடுத்த தளத்தைத் திருடு என்பதோ, அடிக்காமல் விடு என்பதோ அந்த ஒன்றில் அடங்கும்.

ஓடிவரும் மாணவி பந்து எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். ஆகவே அவள் பந்தைப் பார்ப்பதில்லை, பயிற்றுநரைப் பார்க்கிறாள். அவர் கையைச் சக்கரமாகச் சுழற்றினால் நிற்காமல் ஓட வேண்டும். இரு உள்ளங்கையும் உயர்ந்தால் நிற்க வேண்டும். கைகள் நிலத்தை நோக்கித் தாழ்ந்தால் சறுக்கி விழுந்து தளத்தைத் தொட வேண்டும். அவர் தவறாகக் கணித்தால் ஆட்டமிழப்பவள் அவளே. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரேதான் குறி விழும். ஆயினும் அடுத்த முறையும் அவள் அவரைத்தான் பார்ப்பாள். ஆசிரியரை நம்புதல் என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் விளையாட்டு அரிது.

முதல் தளத்தருகே நிற்பவருடைய வேலை அவ்வளவு ஆரவாரமானதன்று. எத்தனை பேர் ஆட்டமிழந்துள்ளனர், எதிரணியில் எவளுக்குத் தோள் வலு குறைவு, பந்து மேலே எழுந்தால் என்ன செய்வது என்று காதோடு நினைவூட்டுவார்.

பந்துவீச்சுப் பயிற்றுநரோ இருக்கையருகே நின்றபடி மூன்று எண்களைச் சொல்வார். பந்து பிடிப்பவள் தன் மணிக்கட்டில் கட்டிய அட்டையைப் பார்ப்பாள். அந்த எண்ணுக்கு எதிரே எவ்வகை வீச்சு, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். அண்மைக் காலத்தில் இதற்கு மின்கருவிகளும் வந்துவிட்டன. முன்னாளில் பந்து பிடிப்பவளே மட்டைக்காரியின் காலடியையும் தோளையும் பார்த்து முடிவு செய்தாள்; இன்று முடிவு வெளியிலிருந்து வருகிறது. வெற்றிக்கு இது உதவக்கூடும். கல்விக்கு உதவுமா என்பது வேறு வினா. விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவரைப் படியெடுக்கச் சொல்லும் வகுப்பை ஒத்தது இது. நல்ல பயிற்றுநர் சிலர் இன்னமும் பந்து பிடிப்பவளையே சிந்திக்கவிடுகின்றனர் என்பது ஆறுதல்.

பந்துவீச்சுப் பயிற்றுநரிடம் இதனினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. கீழிருந்து எறியும் வீச்சு உடலின் இயல்புக்கு ஒத்தது, தோளுக்குக் கேடு செய்யாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்நம்பிக்கையால் ஒரே பெண் ஒரு போட்டித் தொடர் முழுவதும் வீசுவது வழக்கமாயிற்று. பின்னர் வந்த ஆய்வுகள், இவ்வீச்சிலும் தோள் மூட்டும் மேற்கைத் தசைநாரும் கடும் பளுவைத் தாங்குகின்றன என்று காட்டின. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உஎனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடி 413 பந்துகளை வீசினார். இறுதியில் ஐக்கிய அமெரிக்காவை 3-1 என்று வென்று ஜப்பான் தங்கம் பெற்றது. ‘413 பந்து’ என்பது அந்நாட்டில் வீரத்தின் பெயராகவே வழங்கலாயிற்று.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்திலும் அதே உஎனோ, அதே எதிரணி. அப்போது அவருக்கு வயது 39. முன்னாள் ஆட்டக்காரியான ரெய்கா உட்சுகி என்னும் அம்மையார் தலைமைப் பயிற்றுநர். ஆறாம் சுற்றில் உஎனோவை வெளியே எடுத்து, மியு கோத்தோ என்ற 20 வயதுப் பெண்ணை வீச அனுப்பினார். தொடக்கத்தில் ஆடியவர் வெளியேறினால் ஒருமுறை திரும்ப வரலாம் என்பது மென்பந்தின் விதி. அதனைப் பயன்படுத்திக் கடைசிச் சுற்றுக்கு உஎனோவை மீண்டும் அழைத்தார். 2-0 என்று ஜப்பான் வென்றது. முதல் வெற்றி ஒரு பெண்ணின் தோளைக்கொண்டு பெற்றது. இரண்டாவது, தோளையும் காத்து, இளையவளையும் வளர்த்துப் பெற்றது. புகழ் முன்னதற்கு மிகுதி. ஆசிரியத் தொழிலின் அளவுகோலால் அளந்தால் பின்னதே உயர்ந்தது.

இனிக் கல்லூரிக்குத் திரும்பலாம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மென்பந்து அணி, பயிற்றுநர் மரபு எப்படி உருவாகிறது என்பதற்கு நல்ல சான்று. 1975 இல் அங்கே ஷேரன் பேக்கஸ் என்பவர் பொறுப்பேற்றார். தாமே பேர்பெற்ற ஆட்டக்காரி. அவர் அணியில் சேர்ந்த மாணவியருள் ஒருவர் சூ என்குவிஸ்ட். 1978 இல் அந்த அணி தேசிய வாகை சூடியபோது என்குவிஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார். 1980 இல் அவர் பேக்கசின் துணைப் பயிற்றுநரானார். 1982 இல் கல்லூரி விளையாட்டுகளின் பெருங்கழகமான தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் முதன்முறையாக மகளிர் மென்பந்துப் போட்டியை நடத்திற்று. முதல் வாகையும் இவ்வணிக்கே. 1989 முதல் ஆசிரியையும் மாணவியும் இணைத் தலைமைப் பயிற்றுநராக அமர்ந்தனர். ஒரே நாற்காலியில் இருவர் எப்படி அமர்வர் என்று கேட்போர் உண்டு. ஏறத்தாழ எட்டு ஆண்டு அமர்ந்தார்கள். 1997 இல் பேக்கஸ் விலக, என்குவிஸ்ட் தனித்தலைமை ஏற்று 2006 வரை நடத்தினார்.

அவருக்குப் பின் 2007 முதல் பொறுப்பேற்ற கெல்லி இனோயே-பெரெஸ், பேக்கசும் என்குவிஸ்டும் இணைந்து நடத்திய காலத்தில் அங்கே பந்து பிடிப்பவராக ஆடியவர். அவர் பிடித்த பந்துகளை வீசியவர் லீசா ஃபெர்னாண்டெஸ். 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்ற அமெரிக்க அணியில் இருந்தவர். அந்த ஃபெர்னாண்டெஸ், தம் தோழியின் தலைமையில் துணைப் பயிற்றுநராகப் பணியேற்றார். மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் பெற்றவர் துணை. அவருக்குப் பந்து பிடித்தவர் தலைமை. ஆட்டத் திறம் வேறு, ஆசிரியத் திறம் வேறு என்பதை அந்தக் குழாம் வாய் திறவாமலே சொல்கிறது. இவர்கள் தலைமையில் 2010 இலும் 2019 இலும் மீண்டும் வாகை கிடைத்தது.

இம்மரபில் கறையே இல்லை என்பதற்கில்லை. 1995 இல் பெற்ற வாகைப் பட்டம், அனுமதித்த அளவுக்கு மேல் உதவித்தொகை கொடுத்த குற்றத்துக்காகப் பின்னர்ப் பறிக்கப்பட்டது. பயிற்றுநர் பொறுப்பு என்பது கோட்டுக்கு உள்ளே மட்டும் அடங்குவதன்று.

ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு வகையானது. 1995 இல் பேட்டி காசோ அங்கே தலைமைப் பயிற்றுநராக வந்தபோது அணிக்கென ஒரு திடலே கிடையாது. ஊர்ப் பொதுப் பூங்காவில் ஆடினார்கள். சொந்தத் திடல் 1998 இல் தான் அமைந்தது. 2000 இல் முதல் வாகை. பின்னர் 2013, 2016, 2017 எனத் தொடர்ந்து, 2021 முதல் 2024 வரை இடைவிடாது நான்கு ஆண்டும் வென்று, மொத்தம் எட்டு வாகை. பந்துவீச்சுக்கு ஜெனிபர் ரோச்சாவும் மட்டையடிக்குத் தம் மகன் ஜே. டி. காசோவும் துணை நிற்க இவ்வெற்றிகளுள் பல கிடைத்தன. தாய் தலைமையேற்க மகன் துணை நிற்பது விளையாட்டுலகில் எங்கும் காணும் காட்சியன்று. திடலில்லை, கருவியில்லை என்று வருந்தும் பள்ளிகள் அந்தப் பூங்காவை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் திடலில்லாமலே இருந்துவிடலாம் என்று எந்தக் கல்வி இலாகாவும் இதிலிருந்து பொருள் கொள்ளலாகாது.

மேற்சொன்னவர்களின் பெயர்களைப் படித்தவர், மகளிர் அணிகளை மகளிரே பயிற்றுகின்றனர் என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு இனிதன்று. 1972 ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. நடுவணரசின் பணம் பெறும் எந்தக் கல்விக்கூடமும் பால் வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் சாரம். ஒன்பதாம் பிரிவு என்று அது வழங்கும். அதன் விளைவாகக் கல்லூரிகள் மகளிர்க்கு அணிகள் அமைத்தன. புரூக்ளின் கல்லூரியின் விவியன் அக்கோஸ்டா, லிண்டா ஜீன் கார்ப்பென்டர் என்னும் இரு பேராசிரியைகள் இதனை ஆண்டாண்டாகக் கணக்கெடுத்து 2014 வரை வெளியிட்டனர். 1970 இல் ஒரு கல்லூரிக்குச் சராசரி 2.5 ஆக இருந்த மகளிர் அணிகள் 2014 இல் 8.83 ஆயின. இது பெரும் வளர்ச்சி; ஐயமில்லை. ஆனால் 1972 இல் மகளிர் அணிகளுள் 100க்கு 90க்கும் மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றினர். 1978 இல் அது 58 ஆயிற்று. 2014 இல் 43.

எங்ஙனம் இது நேர்ந்தது? சட்டத்துக்கு முன் மகளிர் அணியைப் பயிற்றியவர் உடற்கல்வி ஆசிரியை. பாடவேளை முடிந்தபின், ஊதியம் இல்லாமலோ சிறு தொகைக்கோ செய்தார். அவ்வேலையை வேறெவரும் விரும்பவில்லை. சட்டத்தால் பணம் வந்தது. பணம் வந்ததும் வேலை பதவியாயிற்று. பதவியானதும் ஆடவரும் விண்ணப்பித்தனர். அதே காலத்தில் ஆடவர், மகளிர் என இரண்டாக இருந்த விளையாட்டுத் துறைகள் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றானபின் தலைவராக அமர்ந்தவர் பெரும்பாலும் ஆடவர். மகளிர் விளையாட்டுப் பிரிவின் தலைமையில் 1972 இல் 100க்கு 90க்கு மேல் பெண்கள். 2014 இல் ஏறத்தாழ 22. ஆள் தேர்ந்தெடுப்பவர் தமக்குத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பது உலக இயல்பு. அணிகள் பெருகியமையால் பயிற்றுநராகும் பெண்களின் தொகை குறையவில்லை, கூடியே உள்ளது என்பதும் உண்மை, விகிதந்தான் சரிந்தது. ஆடவர் அணியைப் பயிற்றும் பெண்களோ 100க்கு 3 பேர் அளவே. ஆகவே வாசல் ஒரு பக்கம் மட்டும் திறந்தது.

மென்பந்து இச்சரிவிலிருந்து ஓரளவு தப்பியது. அதில் பாதிக்கு மேல் இன்னமும் பெண்களே தலைமைப் பயிற்றுநர். அவ்வாட்டத்தைக் கல்லூரிகளில் ஆடியவர்கள் பெண்களே என்பது ஒரு காரணம். ஆடி முடித்தவளை உடனே துணைப் பயிற்றுநராக அமர்த்திக்கொள்ளும் பேக்கஸ் போன்றோரின் வழக்கம் மற்றொரு காரணம். இதனால் ஆடவர் பெண்களைப் பயிற்றலாகாது என்பது பெறப்படாது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் மைக் கேண்ட்ரியா 1986 முதல் 2021 வரை மகளிர் அணியைப் பயிற்றி எட்டு வாகை பெற்றவர். 2004 இல் தங்கம் பெற்ற ஒலிம்பிக் அணிக்கும் அவரே தலைமைப் பயிற்றுநர். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர் கெய்ட்லின் லோ. அவரிடமே ஆடிக் கற்று, அவருக்கே துணையாக இருந்த பெண். தமக்குப்பின் யார் என்பதை ஆயத்தம் செய்துவைத்த ஆசிரியர் ஆணாயினும் பெண்ணாயினும் மதிக்கத்தக்கவரே.

ஊதியத்தைப் பற்றி ஒரு செய்தி மலேசிய ஆசிரியைகளுக்குச் சுவையாக இருக்கும். அமெரிக்கக் கல்லூரி மென்பந்தின் முதற் பிரிவில் ‘தொண்டுப் பயிற்றுநர்’ என்ற பதவி ஒன்று நெடுங்காலம் இருந்தது. வேலை மற்றவர்க்கு உள்ளதே. ஊதியம் மட்டும் கொடுக்கலாகாது என்று விதி. பட்டம் பெற்ற இளம்பெண்கள் பலர் இவ்வாறு சம்பளமின்றி உழைத்துத்தான் தொழிலுக்குள் நுழைந்தனர். வசதியுள்ள குடும்பத்தவர்க்கு அது இயலும். ஏழைப் பெண்ணுக்கு இயலுமா? 2023 இல் அப்பதவி நீக்கப்பட்டது. அந்த இடமும் ஊதியம் பெறத்தக்கதாயிற்று. தொண்டு என்ற பெயரால் உழைப்பைப் பெறுவது, தொண்டு செய்ய இயலாதாரை வெளியே நிறுத்துவதும் ஆகும் என்பதை அந்நாட்டார் காலம் தாழ்த்தி உணர்ந்தனர்.

தமிழ்நாட்டில் இதே வினா இன்னும் கூர்மையாக எழுந்ததுண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடும் வாழ்வு முடிந்தது. அதன்பின் அவர் நாடியது பயிற்றும் தொழிலை. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார். ஆனால் நிலையான வேலை கிடைக்கவில்லை. 2012 இல் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி நாடெங்கும் பரவிற்று. பின்னர்ப் பயிற்றுநர்க்குரிய பட்டயப் படிப்பை முடித்தார். 2016 இல் தான் தமிழ்நாடு அரசு அவரை நிலையான பயிற்றுநராக அமர்த்திற்று. ஒரு பெண் ஓட்டக்காரி பயிற்றுநராகப் பத்தாண்டு பிடித்தது. திறமைக்குப் பிடித்த காலமன்று அது; பதவிக்குப் பிடித்த காலம்.

அண்டை மாநிலமான கேரளத்தில் பி. டி. உஷாவின் கதை இதற்கு மறுதலை. கண்ணூரில் ஓ. எம். நம்பியார் என்ற ஒருவரே அவருக்கு எல்லாமுமாய் இருந்து பயிற்றினார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நொடியில் 100இல் ஒரு பங்கால் உஷா வெண்கலத்தை இழந்தார். மறு ஆண்டு, சிறந்த பயிற்றுநர்க்கு இந்திய அரசு வழங்கும் துரோணாசாரியர் விருது தொடங்கப்பட்டபோது அதனை முதலில் பெற்றவர்களுள் நம்பியார் ஒருவர். உஷாவும் பின்னாளில் தடகளப் பள்ளி நிறுவி, டிண்டு லூக்கா போன்றோரை உருவாக்கினார். பயின்றவர் பயிற்றுநரானது அங்கும் நிகழ்ந்தது. ஆயினும் ஒருவரையே நம்பி நிற்கும் முறை, அந்த ஒருவர் நல்லவராகவும் வல்லவராகவும் வாய்த்தால் மட்டுமே நன்று. அமெரிக்கச் சீருடற்பயிற்சி அணியின் மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சிறுமியர்க்கு இழைத்த கொடுமை 2018 இல் தண்டனையில் முடிந்தபோது, ஒரு பெரியவரும் ஒரு சிறுமியும் தனித்திருக்கும் இடமே இருத்தலாகாது என்ற விதி அந்நாட்டில் இறுக்கமாயிற்று. குழாமாகப் பயிற்றுவதன் பயன் திறமைப் பகுப்பு மட்டுமன்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதும் ஆகும். மகளிர் அணியில் ஓர் ஆசிரியையேனும் உடனிருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பது வெறும் பழமைப் பேச்சன்று.

மலேசியாவில் பயிற்றுநர்க்குத் தேசியச் சான்றிதழ்த் திட்டம் உண்டு. மூன்று நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் விளையாட்டு அறிவியல் ஒரு பாடம், எடுத்துக்கொண்ட ஆட்டத்துக்குரிய நுட்பம் மற்றொரு பாடம். ஆசிரியர் எவரும் இதில் சேரலாம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்று, அவ்வாண்டே நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் பெற்ற ம. ராஜாமணியின் பெயரை மலேசியத் தமிழர் மறக்கவில்லை. ஓடுபவர் பெயர் நிற்கும். ஓடப் பழக்கியவர் பெயர் நிற்பது அரிது. தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியருள் பெரும்பாலார் பெண்கள். ஆகவே மாணவியர்க்குப் பயிற்றுநராக ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. சான்றிதழுக்கு அனுப்பிவைப்பதும், அதற்குரிய நேரத்தைப் பாடவேளையில் கணக்கிட்டுக் கொடுப்பதுமே குறை.

தொடக்கப் பள்ளியின் உடற்கல்விப் பாடத்திட்டத்தில் தாக்குதல் வகை, வலை வகை ஆகியவற்றுடன் அடித்துக் களம் காக்கும் வகை ஆட்டமும் ஒன்றாக இடம்பெறுகிறது. மென்பந்தின் வித்து அங்கேயே உள்ளது. முழுக் குழாம் அமர்த்தப் பள்ளிக்கு வசதியில்லை. ஆனால் மென்பந்தின் விதியில், தளத்தருகே நிற்கும் பயிற்றுநர் வயதில் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்று ஆடாமல் வெளியே அமர்ந்திருக்கும் மாணவியும் சீருடையோடு முதல் தளத்தின் பக்கம் போய் நின்று பயிற்றலாம். மட்டையாடும் முறை வரும்வரை கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பெண்ணை எழுப்பி, “ஓடி வருபவளுக்கு எத்தனை பேர் ஆட்டமிழந்தார்கள் என்று நீ சொல்லம்மா” என்று ஆசிரியை அந்தக் கட்டத்துக்குள் நிறுத்தினால் போதும். அவள் பந்தைப் பார்ப்பாள், எதிரணியை எண்ணுவாள், தன் தோழிக்காக முடிவு செய்வாள். சூ என்குவிஸ்ட் தம் ஆசிரியையின் அருகே 1980 இல் போய் நின்றதும் இத்தகைய இடத்தில்தான்.